எலிசபெத் காலத்து நாடகமும் நாமும்



பள்ளி விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையிலிருந்து ஓர் ஆங்கில நாடக நூலை எடுத்து வைக்கிறது. அட்டையில் ஷேக்ஸ்பியர் என்ற பெயர். முதல் பக்கத்தைப் புரட்டினால், இத்தனை நாள் வகுப்பில் படித்த ஆங்கிலம் போலவே அது தோன்றவில்லை. செம்பனைக் காட்டில் வேலை முடித்து வந்த தகப்பனார், "என்ன புத்தகம் அது?" என்று கேட்கிறார். "இது துரைமார் படிக்கிற புத்தகம்பா, நமக்கெல்லாம் வராது" என்று பிள்ளை மூடி வைத்துவிடுகிறது. தாயும் தகப்பனும் மறுமொழி சொல்ல வகை தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். நம்மில் பல வீடுகளில் நடப்பதுதான் இது.

இன்றைய பேச்சு அந்தப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் உரியது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்திதான். எலிசபெத் காலத்து நாடகம் துரைமார் வீட்டில் பிறந்த கலையன்று. கைத்தொழில் செய்து பிழைத்தவர்களின் பிள்ளைகள் எழுதி, ஒரு பென்னி கொடுத்து வெயிலிலும் மழையிலும் நின்று பார்த்த ஏழை எளிய மக்கள் வளர்த்த கலை அது. இதற்கு வரலாறு தரும் சான்றுகளைக் காண்போம்.

முதலாம் எலிசபெத் அரசி 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டார். அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை என்றாலும், அவர் செய்த ஒரு செயல் நம் குடும்பங்களின் கதையோடு தொடர்புடையது. 1600-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாணிப உரிமைச் சாசனம் வழங்கியவர் அவரே. அந்தக் கம்பெனி 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றது. 1786-இல் பினாங்கில் கொடி நாட்டியது. கம்பெனியின் ஆட்சி 1858-இல் முடிந்தாலும், அது தொடங்கி வைத்த ஆட்சியின் தொடர்ச்சியில்தான் பிற்காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சாசனம் எழுதப்பட்ட அதே காலத்தில், லண்டனின் இன்னொரு மூலையில் 'ஹாம்லெட்' நாடகம் உருவாகிக்கொண்டிருந்தது.

அந்நாளில் நாடகக்காரர்களுக்கு இருந்த மதிப்பு என்ன தெரியுமா? 1572-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏதாவதொரு பிரபுவின் ஆதரவு பெறாத நடிகன் ஊர்சுற்றும் நாடோடியாகக் கருதப்பட்டான். பிடிபட்டால் சவுக்கடி, காதில் சூடு. நம் ஊரிலும் கூத்தாடி என்ற சொல் வசைச் சொல்லாக வழங்கியதை எண்ணிப் பாருங்கள். கலையைக் கண்டு மகிழ்ந்தவர்களே கலைஞனைத் தாழ்வாகப் பேசிய வழக்கம் அங்கும் இருந்தது.

இந்த நிலையில் ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் ஒரு துணிவான காரியம் செய்தார். அவர் தச்சுத் தொழில் பழகியவர், பின்னர் நடிகரானவர். 1576-இல் லண்டன் நகர எல்லைக்கு வெளியே ஷோர்டிட்ச் என்ற இடத்தில், நாடகத்துக்கென்றே மரத்தால் ஒரு கட்டடம் எழுப்பினார். அதற்குத் 'தியேட்டர்' என்றே பெயர். இன்று படக்கொட்டகைக்கும் நாம் சொல்லும் சொல்தான் அது. நகர அதிகாரிகளுக்கு நாடகக் கூட்டமென்றால் ஆகாது. கலகம் வரும், நோய் பரவும், வேலையாட்கள் வேலையை விட்டுவிட்டு ஓடுவார்கள் என்று குறை சொன்னார்கள். ஆகவே எல்லைக்கு வெளியே கட்ட வேண்டியதாயிற்று. 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயின் காரணமாக நாடகக் கொட்டகைகள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நாம் வீட்டுக்குள் இருந்த நாட்களை நினைத்தால், நாட்கூலி போல அன்றன்று சம்பாதித்த அந்த நடிகர்கள் பட்ட பாடு விளங்கும்.

பர்பேஜ் கட்டிய கொட்டகைக்கு வேறொரு சோதனையும் வந்தது. கட்டடம் அவருடையது; நிலம் வேறொருவருடையது. 1597-இல் குத்தகைக் காலம் முடிந்தது. கட்டடமும் எனக்கே என்றார் நிலத்துக்காரர். தோட்டம் கைமாறியதும் வீட்டைக் காலிசெய்யும்படி சொல்லப்பட்ட குடும்பங்களுக்கு இந்த வழக்கு புதிதாகத் தோன்றாது. அதற்குள் பர்பேஜ் காலமாகிவிட்டார். அவருடைய மைந்தர்கள் கத்பர்ட்டும் ரிச்சர்டும் 1598 டிசம்பர் 28-ஆம் நாள், பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரையும் ஆட்களையும் அழைத்துச் சென்று கொட்டகையைக் கழற்றத் தொடங்கினார்கள். அந்த மரங்களைத் தேம்ஸ் ஆற்றின் தென்கரைக்குக் கொண்டுபோய், 1599-இல் புதிய அரங்கமொன்றை எழுப்பினார்கள். உலகப் புகழ் பெற்ற 'குளோப்' அரங்கம் அதுதான்.

அதற்குப் பணம் போதவில்லை. பர்பேஜ் மைந்தர்கள் பாதிப் பங்கை வைத்துக்கொள்ள, மறு பாதியைக் குழுவின் நடிகர்கள் ஐவர் பங்கிட்டு ஏற்றார்கள். அந்த ஐவரில் ஒருவர் வில்லியம் ஷேக்ஸ்பியர். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களுக்கே பங்குதாரர் ஆனார்கள் அல்லவா? உழைப்பவனே பங்குதாரன் ஆவது என்ற அந்த எண்ணத்தைக் குளோப் அரங்கத்திலும் காண்கிறோம்.

இனி அரங்கத்தின் உள்ளே செல்வோம். வட்டமான மரக் கட்டடம்; நடுவே கூரையில்லாத முற்றம்; முற்றத்துக்குள் நீண்டு நிற்கும் மேடை. மின்விளக்கு இல்லாத காலமாதலால் பிற்பகலில் நாடகம் நடந்தது. முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி. ஏறத்தாழ ஒரு ரொட்டியின் விலை. கூரைக்குக் கீழே உட்கார இன்னொரு பென்னி. மெத்தை வேண்டுமானால் மேலும் ஒன்று. தச்சர்கள், படகோட்டிகள், தொழில் பழகும் இளைஞர்கள், கடைப் பையன்கள், காய்கறி விற்கும் பெண்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். 1599-இல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் நாட்டுக்காரர் ஜூலியஸ் சீசரைப் பற்றிய நாடகத்தைக் கண்டு, நாடகம் முடிந்தபின் நடிகர்கள் அழகாக நடனமாடியதையும் தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சீசர் கொலையுண்ட கதைக்குப் பின்னே நடனம்! அழுதவர்களைச் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அது.

மேடையில் இன்றுபோல் பெரிய காட்சித் திரைகள் கிடையா. காடு என்றும், கடல் என்றும், நள்ளிரவு என்றும் நடிகனின் சொல்லே காட்டியது. இது நமக்குத் தெரியாததா? தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து, இது அரசவை என்று சொன்னால் அது அரசவை; கானகம் என்று சொன்னால் கானகம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில், பாய் விரித்து உட்கார்ந்து விடிய விடிய அரிச்சந்திரன் நாடகம் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலே இருக்கலாம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரிச்சந்திரன் சுடலை காக்கும் மயான காண்டத்தில் அழுத கண்களுக்கு, ஹாம்லெட் இடுகாட்டில் நின்று மண்டையோட்டைக் கையில் எடுத்துப் பேசும் காட்சி அந்நியமாக இருக்காது. அந்த இடுகாட்டுக் காட்சியிலேகூடக் குழிவெட்டுவோர் வேடிக்கை பேசுவார்கள். கட்டியங்காரனின் தொழிலை அங்கே அவர்கள் செய்கிறார்கள்.

பெண்கள் மேடையேற அனுமதியில்லை. 1660-க்குப் பிறகுதான் ஆங்கிலப் பொதுமேடையில் பெண்கள் நடித்தார்கள். அதுவரை பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள். தமிழ்நாட்டிலும் பாய்ஸ் கம்பெனிகள் இருந்ததை அறிவீர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கேதான் நடிப்புப் பயின்றார்கள். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடமும் போட்டவர்தான்.

ஒப்புமை இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. நம் கூத்தில் பாட்டும் அடவும் முதன்மை பெறும். அங்கே பேச்சே முதன்மை. நம் கூத்தின் கதை பெரும்பாலும் புராணத்திலிருந்து வந்தது. அவர்கள் நாட்டு வரலாறு, அயல்நாட்டுக் கதை, வாணிபம், குடும்பச் சண்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஆயினும் கூத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மேடை எளிதில் பிடிபடும்.

இந்த நாடகங்களை எழுதியவர்கள் யார்? ஷேக்ஸ்பியர் 1564-இல் ஸ்ட்ராட்போர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் தோலில் கையுறை தைப்பவர். ஊர்த் தலைவராக உயர்ந்தவர். பின்னர்க் கடன்பட்டுத் தாழ்ந்தவர். மகன் அவ்வூர்ப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. அதே 1564-இல் காண்டர்பரியில் பிறந்த கிறிஸ்டபர் மார்லோவின் தகப்பனார் செருப்புத் தைப்பவர். மார்லோ உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் வரை படித்தார். கல்விக்காக ஆன்மாவையே சாத்தானுக்கு விற்ற மனிதனின் கதையை 'டாக்டர் பாஸ்டஸ்' என்ற நாடகமாக எழுதினார். 1593-இல், இருபத்தொன்பதாம் வயதில், கத்திக்குத்துப்பட்டு இறந்தார்.

மூன்றாமவர் பென் ஜான்சன். அவருடைய மாற்றாந்தந்தை செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் கொத்தனார். ஜான்சனும் சிறிது காலம் அந்த வேலை செய்தவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் பிள்ளைகள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரத்துக்கும் அத்தாப்புக் கூரைக்கும் பதிலாகச் செங்கல்லால் வீடு கட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். செங்கல் அடுக்கிய கையே பிறகு பேனா பிடித்தது. 1598-இல் ஜான்சன் எழுதிய நாடகமொன்றில் ஷேக்ஸ்பியர் நடித்திருக்கிறார். 1616-இல் ஜான்சனுக்கு அரசரிடமிருந்து ஆண்டு மானியமும் கிடைத்தது.

இவர்களை எல்லாரும் கைநீட்டி வரவேற்றார்களா? இல்லை. 1592-இல் ராபர்ட் கிரீன் என்ற படித்த எழுத்தாளரின் பெயரால் வெளிவந்த சிறு நூல், ஷேக்ஸ்பியரைப் பிறர் இறகைச் செருகிக்கொண்ட காக்கை என்று இகழ்ந்தது. நடிகனாக வந்தவன் எழுத்தாளன் ஆவதா என்ற எரிச்சலே அதற்குக் காரணம். "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற பேச்சைக் கேட்ட பிள்ளைகளே, அந்தப் பேச்சு ஷேக்ஸ்பியரையும் விட்டு வைக்கவில்லை. இகழ்ந்தவரை இன்று நாம் நினைப்பதே பெரும்பாலும் அந்த இகழ்ச்சிக்காகத்தான்.

ஒரு நாடகத்தைச் சற்றே நுழைந்து பார்ப்போம். 'வெனிஸ் நகர வணிகன்' 1600-இல் அச்சானது. பசானியோ என்ற இளைஞனுக்குப் பணம் தேவை. அவனுடைய நண்பன் அந்தோனியோவின் கப்பல்கள் கடலில் இருக்கின்றன, கையில் ரொக்கமில்லை. ஷைலக் என்ற யூத வட்டிக்காரனிடம் மூவாயிரம் டக்கட் பொன், மூன்று மாதத் தவணைக்கு, அந்தோனியோ பொறுப்பேற்க வாங்கப்படுகிறது. தவணை தவறினால் அந்தோனியோவின் உடலிலிருந்து ஒரு பவுண்டு சதை என்று பத்திரம் எழுதப்படுகிறது. கப்பல்கள் மூழ்கியதாகச் செய்தி வருகிறது. தவணை தவறுகிறது. வழக்கு மன்றம் செல்கிறது. போர்ஷியா என்ற பெண் வழக்கறிஞர் வேடத்தில் வந்து, சதையை எடுத்துக்கொள், ஆனால் ஒரு துளி இரத்தமும் சிந்தக் கூடாது, பத்திரத்தில் இரத்தம் எழுதப்படவில்லை என்ற கருத்தை எடுத்துரைத்து உயிரைக் காக்கிறாள்.

கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். கடைக் கணக்கு முடியாமல் சம்பள நாளிலும் வெறுங்கையோடு திரும்பியவர்களை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆலோங்கிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் இழந்த குடும்பங்கள் இன்றும் உண்டு. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் அறிவு ஓர் உயிரைக் காக்கும் என்ற பாடத்தை நமக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் கதை அத்துடன் நின்றுவிடவில்லை. ஷைலக் ஏன் இத்தனை கொடியவனானான்? அந்தோனியோ அவனைப் பல முறை தெருவில் ஏசியிருக்கிறான், காறி உமிழ்ந்திருக்கிறான். இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290-இலேயே வெளியேற்றப்பட்டவர்கள். நாடகம் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு யூதரையும் அறியாதவர்கள். வெறுப்பை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் ஷைலக் எழுந்து, எனக்கும் கண்ணில்லையா, எனக்கும் வலிக்காதா என்ற பொருளில் கேட்கிறான். முடிவில் அவன் செல்வத்தை இழக்கிறான். மதம் மாறும்படியும் கட்டாயப்படுத்தப்படுகிறான். இது நீதியா என்ற கேள்வியோடு வீட்டுக்குப் போகிறோம். கூலி என்ற சொல்லைக் கேட்டு நெஞ்சு குமுறிய மக்களுக்கு அந்தக் கேள்வியின் சூடு தெரியும். அதே சமயம், நாம் பிறரை எப்படி அழைக்கிறோம் என்றும் அது நம்மைக் கேட்கிறது.

1613 ஜூன் 29-இல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி ஓலைக் கூரையில் பட்டுக் குளோப் எரிந்து போயிற்று. அடுத்த ஆண்டே மீண்டும் கட்டினார்கள். 1642-இல் நாடாளுமன்ற ஆணையால் எல்லா அரங்குகளும் மூடப்பட்டன. நாடகங்கள் மட்டும் எப்படித் தப்பின? ஷேக்ஸ்பியர் 1616-இல் மறைந்தபின், அவரோடு நடித்த ஹெமிஞ்ஜ், காண்டல் என்ற இரு நடிகர்கள் 36 நாடகங்களைத் திரட்டி 1623-இல் ஒரே நூலாக வெளியிட்டார்கள். அவற்றுள் ஏறத்தாழப் பாதி அதற்குமுன் அச்சேறாதவை. அவர்கள் இல்லாவிட்டால் 'மாக்பெத்' இன்று நமக்கில்லை. எலிசபெத்துக்குப் பின் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் எழுதப்பட்ட நாடகம் அது.

அப்படியானால் இந்தக் கலை துரைமாருடையது என்ற எண்ணம் எப்படி வந்தது? ஆங்கிலேயர் தம் ஆட்சியில் அதைத் தேர்வுப் பாடமாக்கினர். மேடையில் சிரித்து அழுத நாடகம், மேசையில் மனப்பாடம் செய்யும் புத்தகமாயிற்று. ஆங்கிலப் பள்ளிக்குப் போக வசதி பெற்றவர்களுக்கே அது கிட்டிற்று. தோட்டத்துப் பிள்ளை வெளியில் நின்றது.

ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே வேறு வழிகளிலும் அது மக்களிடம் வந்தது. 1870-களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக்காரர்கள் பினாங்கு வந்தார்கள். அதைப் பின்பற்றி மலாய் மொழியில் பங்சாவான் நாடகம் தோன்றியது. பங்சாவான் மேடையில் 'ஹாம்லெட்'டும் நடந்தது. தமிழில் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை ஐந்து அங்க நாடக அமைப்பைத் தழுவி 'மனோன்மணீயம்' இயற்றி 1891-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. கூத்தாடி என்ற இகழ்ச்சியைத் துடைக்கப் படித்தவர்களே மேடையேற வேண்டும் என்று நடித்தும் காட்டினார். அவர் கையில் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். வெனிஸ் வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். பெயரின் ஓசையையும் விடவில்லை, தமிழையும் விடவில்லை. திரைப்படத்தில் வந்த சிவாஜி கணேசன் 'ரத்தத் திலகம்' படத்தில் ஒத்தெல்லோவாகவும், 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் ஹாம்லெட்டாகவும் தோன்றினார். ஷேக்ஸ்பியர் வராது என்று சொல்லும் வீட்டில், அம்மாவும் பாட்டியும் ஷேக்ஸ்பியரை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்!

மாணவர்களே, இனி புத்தகத்தை எடுங்கள். முதலில் கதையைத் தமிழில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நால்வர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படியுங்கள். வாய்க்காக எழுதியது கண்ணுக்கு மட்டும் விளங்காது. ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார் என்று கேளுங்கள். அருஞ்சொற்களைக் கண்டு மலைக்காதீர்கள். அவை நானூறு ஆண்டுப் பழைய சொற்கள். லண்டன் மாணவனும் குறிப்பைப் பார்த்துத்தான் படிக்கிறான்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், "அந்தக் கதையைச் சொல், கேட்போம்" என்று பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஷைலக் செய்தது சரியா, அந்தோனியோ செய்தது சரியா என்று கேளுங்கள். மூவாயிரம் பொன்னுக்கு எவ்வளவு வட்டி என்று தாத்தா கேட்டால் இன்னும் நல்லது. அந்தோனியோவிடம் ஷைலக் வட்டி கேட்கவேயில்லை என்று பிள்ளை விடை சொல்லட்டும். ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்றவர்களும் இப்படித்தான் பேசிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்.